புரியாத மொழியில் ஒப்புதல் ஏது?



திருவண்ணாமலையின் இரமணாசிரமப் பகுதி பல நாட்டவரும் வந்து தங்கும் இடம். நிறைமதி நாளில் 14 கி.மீ. மலைவலம் வருவோரும் இங்கு இளைப்பாறுகின்றனர். விடுதி வாயிலில் அவர்களிடம் கேட்கப்படுவன எவை? பெயர், முகவரி, கைப்பேசி எண், ஆதார் அட்டையின் படி! துணிக்கடையில் விலைச்சீட்டுப் போடவும் கைப்பேசி எண் கேட்கின்றனர். தமிழன் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு நகர்கின்றான். எதற்கு என்று ஒரு சொல் கேட்பதில்லை.

கேட்பதற்குச் சட்டம் பிறந்துவிட்டது. தனியுரிமை மாந்தனின் அடிப்படை உரிமையே என்று உச்ச முறைமன்றத்தின் நடுவர் ஒன்பதின்மர் 24.8.2017 அன்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். எண்மத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் 11.8.2023 அன்று குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றது. அதற்கான நெறிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின. வணிகர்க்குரிய முதன்மைக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டுத் திங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு.

அக்கடமைகள் யாவை? எந்நோக்கத்திற்காகத் தரவு வாங்கப்படுகிறது என்பதை முன்னரே அறிவித்தல் வேண்டும். அந்நோக்கத்திற்குத் தேவையானதற்கு மட்டுமே ஒப்புதல் செல்லும். கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழியிருத்தல் வேண்டும். நோக்கம் முடிந்தபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றித் தரவை அழித்துவிடல் வேண்டும். தரவைக் காவாது கசியவிட்டால் ஒறுப்புத்தொகை 250 கோடி உருபா வரை உயரும்.

விடுதியாளர் தங்குவோரைப் பற்றிய செய்தியை அரசுக்குத் தருவது சட்டக் கடமையாயின், அதற்குத் தடையில்லை. ஆனால் அதே எண்ணுக்கு நாள்தோறும் விளம்பரம் அனுப்புவது வேறு நோக்கம். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். தாளேட்டில் எழுதியதோடு நிற்கும் பதிவு இச்சட்டத்துள் வாராது. அதைக் கணிப்பொறியில் ஏற்றிய அப்பொழுதே அது சட்டத்துள் வந்துவிடும். ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த படியும் உண்டு என்பதைத் தருவோரும் பெறுவோரும் அறிந்திருத்தல் நலம்.

இச்சட்டத்தில் தமிழர் கண்ணூன்றிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. அறிவிப்பையும் ஒப்புதல் வேண்டுகையையும் ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வணிகர் தருதல் வேண்டும். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. எனவே தமிழில் தருக எனக் கேட்பது இரந்து நிற்பதன்று; உரிமை!

இன்றைய நிலை என்ன? கைப்பேசியில் ஆங்கிலத்தில் ஓடும் நீண்ட வரிகளின் அடியில் 'ஏற்கிறேன்' என்னும் பொருள்பட்ட கட்டத்தைத் தமிழ் மூதாட்டி தொடுகின்றார். அவர் எதை ஏற்றார்? அறிந்து தருவதே ஒப்புதல் என்கின்றது சட்டம். புரியாத மொழியில் பெற்றது ஒப்புதலாகுமா?

சிறு கடைக்காரர் அஞ்ச வேண்டுவதில்லை. 'இவ்வெண் இதற்காக, இத்தனை நாள் வைத்திருப்போம், வேண்டாவெனில் இவ்வாறு சொல்லுக' என நல்ல தமிழில் நான்கு வரி எழுதித் தொங்கவிடுவதே தொடக்கமாகும். சட்டம் வந்து வற்புறுத்தும் நாள்வரை காத்திருத்தல் தமிழ் வணிகர்க்கு அழகன்று.

வாங்குவோர்க்கும் கடமை உண்டு. எவரும் கேளாத உரிமை ஏட்டிலேயே உறங்கும். எண் கேட்கும் இடந்தோறும், 'எதற்கு?' என்று கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள்! விடையும் தமிழில் வரும்வரை விடாது கேளுங்கள்!