சூடேற்றாமல் தாள் காத்தல்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே பழைய பெட்டகத்தைத் திறந்தால், காணி உறுதி, விவாகப் பதிவுப் பத்திரம், பாட்டனார் கைப்பட எழுதிய கணக்குக் கொப்பி முதலியன மடிப்பு மடிப்பாய்க் கிடக்கக் காணலாம். அவற்றுட் பல ஒற்றைப் பிரதிகள். 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதன் பின்னர் வீட்டுப் பெட்டகத்துத் தாளுக்கும் தனி மதிப்பு உண்டாயிற்று.

அத்தாள் மடிப்பிலே கிழியத் தொடங்கியதும் நாம் செய்வது யாது? கடையிற் கொடுத்து 'லமினேற்' செய்விக்கிறோம். இரண்டு பிளாத்திக்குத் தகடுகளுக்கிடையே வைத்து, சூடான உருளைகளினூடே செலுத்துகிறார்கள். 100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், தகட்டின் உட்புறப் பசை இளகித் தாளின் நார்களைப் பற்றிக்கொள்கிறது. தாள் மினுங்குகிறது, உண்மைதான். ஆனால் பின்னொரு நாள் அத்தகட்டை உரிக்க முயன்றால், எழுத்தும் உடன் உரிந்து வரக்கூடும்.

சூடின்றி இதனைச் செய்ய இயலாதா? இயலும். 1930களில் அமெரிக்காவிலே வில்லியம் பாரோ முதலானோர், செலுலோசு அசற்றேற்றுத் தகட்டைச் சூட்டினாலும் அழுத்தத்தினாலும் ஆவணங்களோடு பிணைத்தனர். அதற்குப் பெரும் பொறிகள் வேண்டும். புதுடில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தார் 1950களில் எளிய வழியொன்றைக் கையாண்டனர். கண்ணாடிப் பலகையிலே ஆவணத்தை வைத்து, அதன்மேல் அசற்றேற்றுத் தகடும், அதன்மேல் மெல்லிழைத் தாளும் பரப்புவர். அசற்றோன் என்னும் திரவத்திலே தோய்த்த பஞ்சினால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒற்றித் தடவுவர். தகடு இளகிப் பற்றிக்கொள்ளும். அசற்றோன் விரைவில் ஆவியாகிவிடும். பின்னர் மறுபுறமும் அவ்வாறே. சூடுமில்லை, பொறியுமில்லை.

எனினும் இம்முறையிலும் எச்சரிக்கை வேண்டும். குமிழ்முனைப் பேனையின் மை அசற்றோனிற் கரைந்து பரவும். அசற்றோன் எளிதில் தீப்பற்றும். தாளிலுள்ள அமிலத்தை முதலில் நீக்காவிடில், உறைக்குள்ளேயே தாள் நொறுங்கும். காலப்போக்கிலே அசற்றேற்றுத் தானும் சிதைந்து, புளிங்காடியின் நெடியை வீசும். ஆகவே இது பயிற்சி பெற்றோர் கைக்குரியது. இன்று அவர்களும் பெரும்பாலும் இதனை விட்டு, மாப்பசையும் மெல்லிய யப்பானியத் தாளும் கொண்டே கிழிசலைச் செப்பனிடுகின்றனர்.

வீட்டார்க்கு உகந்தது எது? ஒட்டாமற் காப்பதே. தூய பொலியெசுத்தர்த் தகடுகள் இரண்டினிடையே தாளை வைத்து, தாளைத் தொடாமல் ஓரங்களை மட்டும் இணைத்து, காற்றுப் போக ஒரு மூலையைத் திறந்துவிடுக. வேண்டும்போது தாளை வெளியே எடுக்கலாம். நமது குடாநாட்டின் மாரிக் காலத்து ஈரமும், பங்குனி சித்திரை வெயிலும், உப்புக் காற்றும் படாத அலுமாரித் தட்டிலே அதனை மடிக்காமல் வைக்குக. அதற்குமுன் ஒரு படமும் எடுத்துவைத்தல் நன்று. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் அவ்வாறே படமாக்கிப் பேணி வருகின்றது.

மருந்து தவறினால் மாற்று மருந்துண்டு. உருகிய பசைக்கு மாற்று எளிதிற் கிடையாது. ஒற்றைப் பிரதியை ஒருவர் கையிற் கொடுக்குமுன், "இதைத் திரும்பக் கழற்றலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கழற்ற முடியாது என்பது விடையாயின், அத்தாளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.