உலாவியில் உயிர்த்த பழைய ஆட்டம்

பாடசாலை அதிபர் ஒருவர் சிறுவர் விளையாட்டைப் பற்றி வானொலியிலே பேச வந்தால், அது கூடாது, இது கூடாது என்று தடை சொல்லவே வந்திருக்கிறார் என இளைஞர் எண்ணுவது இயல்பு. இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையதன்று. 1985ஆம் ஆண்டில் யப்பானிலே பிறந்த ஓர் ஆட்டம், தன்னைத் தாங்கிய கருவி கடைகளினின்று மறைந்த பின்னரும், இன்று நம் கணினியின் இணைய உலாவியில் ஓடுகின்றது. அஃது எங்ஙனம் ஓடுகின்றது, அதனைப் பேணுதல் தகுமா, தகுமாயின் பேணும் உரிமை யாருக்குரியது என்பனவே இப்பேச்சின் பொருள்.

அவ்வாட்டத்தின் பெயர் 'சுப்பர் மரியோ பிறதேர்ஸ்'. கியோத்தோ நகரத்து நின்ரெண்டோ நிறுவனம் 1985 செப்ரெம்பர் 13ஆந் திகதி அதனை வெளியிட்டது. ஆக்கியோருள் தலையாயவர் சிகெரு மியாமொத்தோ. துணைநின்றவர் தக்காசி தெசூக்கா. இசை அமைத்தவர் கோஜி கொண்டோ. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விற்பனைக்கு வந்த 'பமிகொம்' என்னும் சிறு கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, அதனுள் காட்றிஜ் எனப்படும் பேழையைச் செருகி இதனை ஆடினர். உலகெங்கும் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின.

கதை மிக எளியது. மீசை வைத்த மரியோ என்பான் இடமிருந்து வலமாக ஓடுகிறான், பள்ளங்களைத் தாவுகிறான், பகைவரை மிதிக்கிறான், சிறைப்பட்ட இளவரசியை மீட்கச் செல்கிறான். உலகங்கள் எட்டு, உலகொன்றுக்குக் கட்டங்கள் நான்கு, ஆக 32 கட்டங்கள். கதையில் வியப்பில்லை. வியப்பெல்லாம் அதனை அமைத்த முறையிலேயே உளது.

முதலாவது வியப்பு சிக்கனம். அப்பேழையின் கொள்ளளவு 40 கிலோபைற்று. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்று எனக் கணக்கிட்டால், ஏறக்குறைய இருபது பக்கச் சிறுநூலொன்று அதனுள் அடங்கும். இன்று கைத்தொலைபேசியில் நாம் எடுக்கும் ஒரு நிழற்படம் இதனிலும் பன்மடங்கு பெரிது. 32 கட்டங்களும், படங்களும், இசையும், ஆட்டத்தின் விதிகளும் இச்சிற்றிடத்துள் அடங்கவேண்டியிருந்தன. ஆகவே, முதற் கட்டத்தின் வானிலே மிதக்கும் வெண்முகிலும், நிலத்திலே நிற்கும் பச்சைப் புதரும் ஒரே வரைவாக அமைந்தன. நிறம் மாத்திரமே வேறு. வறுமையிற் செம்மை என்பது கலைக்கும் பொருந்தும் போலும்.

இரண்டாவது வியப்பு, ஆசிரியத் தொழிலில் உள்ள என் போன்றோர் ஊன்றி நோக்கவேண்டியது. இவ்வாட்டத்துள் கற்பிக்கும் உரை ஒன்றேனும் இல்லை. ஆயினும், முதன்முறை ஆடும் பிள்ளை ஐந்து நிமிடத்துள் அதன் விதிகளை அறிந்துகொள்கிறது. அஃது எங்ஙனம்?

ஆட்டம் தொடங்கும்போது மரியோ திரையின் இடப்புறத்தே நிற்கிறான். வலப்புறம் வெறுமையாய்க் கிடக்கிறது. வலமாகச் செல்லவேண்டும் என்பதை அவ்வெறுமையே உணர்த்துகின்றது. சிறிது தூரம் சென்றதும் கேள்விக்குறி பொறித்த பெட்டியொன்று ஒளி விடுகிறது. எதிரே பகைவன் ஒருவன் மெல்ல நடந்து வருகிறான். வாளா நின்றால் மரியோ மாள்வான். மாண்டாலும் இழப்புப் பெரிதன்று; சில செக்கன்களில் மீண்டும் தொடங்கலாம். அடுத்த முறை பிள்ளை தாவுகிறது. தாவும்போது தலை பெட்டியில் முட்டினால் நாணயம் வெளிப்படுகிறது. தாவுதல் தற்காப்பு, முட்டுதல் ஆதாயம் என்னும் இரு பாடங்கள் ஒரே அசைவிற் கிடைக்கின்றன.

அப்பால் ஒரு பெட்டியினின்று காளான் ஒன்று வெளிவருகிறது. அது வலப்புறமாக உருண்டு, பச்சைக் குழாயில் மோதி, ஆடுவோனை நோக்கித் திரும்புகிறது. பகைவனும் காளான் உருவினனே ஆதலால், பிள்ளை அஞ்சித் தாவ முயலும். ஆனால் தலைக்குமேல் செங்கல் வரிசை நிற்பதால் தப்புதல் அரிது. காளான் படுகிறது, மரியோ பெரியவனாகிறான். இஃது பகையன்று, நட்பே என்று பிள்ளை அறிகிறது. இவ்வமைப்பெல்லாம் தற்செயலன்று, எண்ணித் துணிந்ததே என்று மியாமொத்தோ பிற்காலத்தில் விளக்கியுள்ளார்.

அதே கட்டத்தின் இறுதிப் பகுதியைப் பாருங்கள். இரு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் நடுவே திண்ணிய நிலம். தாவுதல் தவறினாலும் கேடில்லை. அதனைக் கடந்ததும் அதே போன்ற வேறிரு படிக்கட்டுகள். இம்முறை நடுவே பாதாளம். முன்னது பயிற்சி, பின்னது பரீட்சை. கற்பியாததைப் பரீட்சையிற் கேட்கும் வினாத்தாள்கள் இக்காலத்திலும் இல்லாமலில்லை. அவற்றைத் தயாரிப்போர் இவ்விரு படிக்கட்டுகளை ஒருமுறை கண்டு வருதல் நன்று.

இனி, இவ்வாட்டம் உலாவிக்குள் எங்ஙனம் வந்தது என்பதை நோக்குவோம். பமிகொம் கருவியின் உற்பத்தி 2003ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எஞ்சிய கருவிகளும் பேழைகளும் காலத்தால் தேய்கின்றன. ஆனால் பேழையுள் இருந்தவை வெறும் எண்களே. எண்களை வேறிடத்திற் பதிந்து வைக்கலாம். அவ்வெண்களைப் படித்து, பழைய கருவி யாது செய்திருக்குமோ அதனையே செய்யும் நிரலை 'எமியுலேற்றர்' என்பர். கூத்திலே வேடந் தரித்தவன் அரசனாகவே பேசி அரசனாகவே நடப்பது போல, இந்நிரல் பமிகொம் கருவியாகவே நடந்துகொள்கிறது. செக்கனுக்கு 60 படம், படமொன்றுக்கு 256க்கு 240 ஒளிப்புள்ளி என்ற பழைய கணக்குப் பிசகாமல் அது திரையை வரைகிறது. இத்தகைய நிரல்களை உலாவியினுள்ளே விரைவாக ஓட்டும் 'வெப் அசெம்பிளி' என்னும் முறை 2017ஆம் ஆண்டில் முதன்மையான உலாவிகள் அனைத்திலும் இடம்பெற்றது. அதற்கும் முன்னர், 2013ஆம் ஆண்டிலேயே, ஐக்கிய அமெரிக்காவின் 'இன்ரனெற் ஆக்கைவ்' என்னும் இணைய நூலகம் பல பழைய கருவிகளின் ஆட்டங்களை உலாவியிலேயே ஆடும்வண்ணம் அளிக்கத் தொடங்கியது.

உலாவியில் ஆடுவது முற்றிலும் பழைய அனுபவமாகாது என்பதையும் சொல்லவேண்டும். கைக்கு இசைந்த சிலுவை வடிவப் பொத்தானின் இடத்தில் தட்டச்சு விசைகள் நிற்கின்றன. பொத்தானை அழுத்தும் நேரத்துக்கேற்பத் தாவும் உயரம் கூடிக் குறையும் ஆட்டம் இது. விசைக்கும் திரைக்குமிடையே சிறு தாமதம் நேரினும் தாவல் பிழைக்கும். மேலும், பல எமியுலேற்றர்களில் எந்நிலையிலும் ஆட்டத்தை நிறுத்திப் பதிந்து, தவறினால் அந்நிலைக்கே மீளலாம். மூலப்பேழையில் அந்த வசதி இல்லை. ஒவ்வோர் அடிக்கும் பதிந்து பதிந்து செல்லும் பிள்ளை இறுதியை அடையும். ஆனால் தாவக் கற்றிராது. விடையைப் பார்த்துக் கணக்குச் செய்வதற்கு இஃது ஒப்பாகும்.

இனி உரிமையைப் பற்றி. ஒரு கருவியைப் போல நடிக்கும் நிரலை ஆக்குவதும், ஓர் ஆட்டத்தின் பிரதியை அனுமதியின்றிப் பரப்புவதும் வெவ்வேறானவை. சோனி நிறுவனத்துக்கும் கொனெக்ரிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், அத்தகைய நிரலை ஆக்கும்பொருட்டுக் கருவியின் உள்ளமைப்பை ஆராய்ந்தமை நியாயமான பயன்பாடே என ஐக்கிய அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2000ஆம் ஆண்டில் தீர்த்தது. ஆனால் ஆட்டமோ அதனை ஆக்கிய நிறுவனத்தின் உடைமை. அந்நாட்டுச் சட்டப்படி நிறுவனப் படைப்புக்குரிய பாதுகாப்பு, வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு; மரியோவின் முதல் ஆட்டத்துக்கு அது 2080ஆம் ஆண்டின் இறுதிவரை நீள்கிறது. எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கின்றது. ஆதலின், இலவசம் என்று விளம்பரம் செய்யும் இணையத்தளங்கள் யாவும் நேர்மையானவை என்று கொள்ளலாகாது.

மரியோவை உரியவரே தம் புதிய கருவிகளின் வாயிலாக வழங்குகின்றனர், அவனுக்குப் பயமில்லை. பெயர் பெறாத மற்றைய ஆட்டங்களின் கதி யாது? 2010ஆம் ஆண்டுக்கு முன் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களுள் 87 வீதம் விற்பனையிலேயே இல்லை என, அந்நாட்டிலுள்ள கணினி ஆட்ட வரலாற்று நிறுவனம் ஒன்று 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அவற்றைப் பேணும் நூலகங்கள், தொலைவிலுள்ள ஆய்வாளருக்கு இணையத்தின் வழி ஆடிப்பார்க்க இடமளிக்கலாமா என்று கேட்டன. ஆய்வின் பெயரால் அது பொழுதுபோக்காகவே முடியும் என ஆட்ட நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 ஒக்ரோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அவ்வேண்டுகோளை மறுத்துவிட்டது.

உழைத்தோர் பயன் பெறுதல் நீதியே. ஆனால் விற்கவும் மாட்டாமல், பேணவும் மாட்டாமல், பிறர் பேணவும் விடாமல் ஒரு படைப்பைக் கிடத்துவது நீதியாகுமா? ஏட்டுச்சுவடி கறையானுக்கு இரையாகுமுன் பெயர்த்தெழுதப்பட்டதனாலன்றோ நம் முன்னோரின் நூல்கள் நம் கையை அடைந்தன? ஆட்டத்துக்குப் பெயர்த்தெழுதுதல் மாத்திரம் போதாது. அஃது ஆடப்படும்போதே உயிர் பெறுவது. படத்தைப் பார்த்தும் வருணனையைப் படித்தும் அந்த இரு படிக்கட்டுகளின் நுட்பத்தை எவரும் உணர்தல் இயலாது. ஆதலால், உரியவர் கைவிட்ட ஆட்டங்களை ஆடக்கூடிய நிலையிலே பேணவும், ஆய்வோருக்குக் காட்டவும் நூலகங்களுக்கு இடமளித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. பழைய கருவிக்கெனப் புதிதாக எழுதி, ஆக்கியோரே மனமுவந்து இலவசமாக வழங்கும் ஆட்டங்களும் இன்று உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையின் அருகே அமருங்கள். 'இதை அழுத்து, அங்கே தாவு' என்று சொல்லாதீர்கள். எந்த இடத்தில் தவறுகிறது, எத்தனையாவது முறை தானே கண்டுபிடிக்கிறது என்பதை மாத்திரம் பாருங்கள். நல்ல பாடம் எவ்விதம் அமையவேண்டும் என்பதை, 40 கிலோபைற்றுப் பேழையொன்று உங்களுக்கும் எனக்கும் காட்டிக்கொண்டிருக்கும்.