ரயில் ஓடுகிறதா என்று பார்க்கவும் கணக்கு வேண்டுமா?



2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு மேற்கு ரயில் பாதையில் பூன் லேக்கும் குவீன்ஸ்டவுனுக்கும் இடையே சேவை நின்றுபோனது. முழுச் சேவை அக்டோபர் 1ஆம் தேதிதான் திரும்பியது. அந்தப் பாதையின் கிழக்கு முனை பாசிர் ரிஸ். அங்கிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் என்ன கேட்பார்? "ரயில் ஓடுகிறதா?" அவ்வளவுதான். அதைச் சொல்ல எஸ்எம்ஆர்டி நிறுவனம் பல ஆண்டுகளாக ட்விட்டரைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அந்தத் தளத்தின் இன்றைய பெயர் எக்ஸ்.

2023 ஜூன் கடைசியில் அந்தத் தளம் கணக்கில்லாதவர்களுக்குக் கதவைச் சாத்தியது. சில நாளில் தனிப் பதிவுகளைப் பார்க்க விட்டார்கள். ஆனால் கணக்கில்லாமல் ஒரு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தவருக்குப் புதிய பதிவு முதலில் வரவில்லை. பலர் விரும்பிய பழைய பதிவுகள்தான் வந்தன. போன வருஷத்து ரயில் தாமதத்தைப் படித்துவிட்டு இன்றைக்கு ஜூரோங் போக முடியுமா, நடுவர் அவர்களே?

இதற்குக் கணினி தெரிந்த இளைஞர்கள் கண்ட வழிதான் மாற்று முகப்பு. ட்விட்டருக்கு நிட்டர், யூடியூபுக்கு இன்விடியஸ், ரெடிட்டுக்கு ரெட்லிப். வாசகர் தளத்துக்கு நேரே போவதில்லை. நடுவில் இருக்கும் சர்வர் போய்ப் பக்கத்தை வாங்கி, விளம்பரத்தையும் ஆளைப் பின்தொடரும் நிரல்களையும் கழித்துவிட்டு, எழுத்தையும் படத்தையும் மட்டும் கொடுக்கிறது. கடைக்குப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்புவது மாதிரி. கடைக்காரர் பார்ப்பது பையன் முகத்தைத்தான்.

சரி, ஊர் பேர் தெரியாத பையனை நம்பலாமா? பொதுச் சர்வரை நடத்துகிறவர் நினைத்தால், யார் எதைப் படித்தார் என்று குறித்து வைக்கலாம். அது மட்டுமா? ஆயிரம் பேர் ஒரே சர்வர் வழியாகப் போனால் தளம் கண்டுபிடித்து அடைத்துவிடும். அதனால்தான் "சொந்தமாக நடத்துங்கள்" என்கிறார்கள். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினி ஒன்று போதும். வீவக வீட்டில் இணையப் பெட்டிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் ஓடும். வீட்டில் ஐந்து பேர் படித்தாலும் சந்தேகம் வராது.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சொந்தப் பிள்ளையை அனுப்பினால் கடைக்காரருக்கு எந்த வீடு என்று தெரிந்துவிடுமே! சர்வர் வீட்டில் இருந்தால் தளத்துக்குப் போவது வீட்டின் இணைய முகவரிதான். விளம்பரத் தொல்லை போகும், உளவு நிரல் போகும். ஆனால் முழுசாக மறைந்துகொள்ள முடியாது. இதைச் சொல்லாமல் "முழுப் பாதுகாப்பு" என்று விற்பவர் பேச்சை நம்பக் கூடாது.

இன்னொரு சங்கடம். நிட்டர் கணக்கில்லாமல் ஓடியது விருந்தினர் கணக்கு என்ற ஏற்பாட்டால். 2024 ஜனவரியில் தளம் அதை நிறுத்தியது. நிட்டர் முடிந்தது என்று அதை உருவாக்கியவரே சொல்லிவிட்டார். பிறகு உயிர் வந்தது. ஆனால் இப்போது உண்மையான கணக்கைக் கொடுத்தால்தான் ஓடும். கணக்கில்லாமல் படிக்கப் பிறந்தது கணக்கைக் கேட்கிறது! அந்தக் கணக்கும் எந்த நாளும் முடக்கப்படலாம்.

"விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்தின் வயிற்றில் அடிக்கலாமா?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. 2023 ஜூனில் யூடியூப் தரப்பு இன்விடியஸை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. "நாங்கள் உங்கள் ஏபிஐ வசதியைப் பயன்படுத்தவே இல்லை, அதன் விதிகள் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்ற வகையில் அவர்கள் வாதிட்டார்கள். பாட்டும் படமும் பார்ப்பதென்றால் நிறுவனத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. எடுத்தவருக்குக் கூலி வேண்டாமா? ஆனால் ரயில் நின்றுபோன செய்தி யாருடைய சரக்கு? கட்டணம் கொடுத்துப் பயணம் செய்கிறவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி அல்லவா அது?

அதற்கு நேர் வழியும் இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவை, ரயில் தடங்கல் அறிவிப்பைக் கணினி படிக்கும் வடிவத்தில் இலவசமாகத் தருகிறது. பதிவு செய்தால் ஒரு சாவி எண் கிடைக்கும். பாசிர் ரிஸ் வீட்டில் அந்தச் சின்னக் கணினியை வாங்கி வைத்திருக்கும் பிள்ளை, நிட்டரோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால், இதை எடுத்துத் தாத்தாவின் கைப்பேசியில் பெரிய எழுத்தில் வரச் செய்யட்டும். ஒரு வார இறுதி வேலைதான்.