நம்ம வைஃபையில் யார் யாருக்குப் பேர் விழுகிறது?

(ஹட்டன் பிரதேசத் தோட்டமொன்றின் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடந்த மாதாந்தத் தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வழமையாக இந்தக் கூட்டத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், பிள்ளையின் நிறையைப் பார்க்க வேண்டும் என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வேற விஷயம். காம்பரா மூலையில் லைட் மினுக்கிக்கொண்டு இருக்கிறதே, அந்த ரவுட்டர் பெட்டி பற்றி. இதெல்லாம் நலன்புரி ஐயாவின் வேலையா என்று பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். இந்தப் பெட்டியால் இரண்டு குடும்பம் பீலியடியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தண்ணி பிடித்த கதை எனக்குத் தெரியும். அந்தப் பிழையில் பாதி என்னுடையது. அதனால்தான் பேசுகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள், ஞாபகம் இருக்கும். பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. சிக்னல் பிடிக்க நம்ம பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்கு ஏறினார்கள். அட்டைக்கடியோடு இறங்கி வந்த பிள்ளைக்கு நானே மருந்து போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் பல வீடுகளில் சீட்டுக் காசையும் தீபாவளி முற்பணத்தையும் போட்டு, சிம் போடுகிற ரவுட்டர் பெட்டி வாங்கினார்கள். பிள்ளை படிக்கட்டும் என்று வாங்கியது. நல்ல காரியம்தான்.

அப்படி வாங்கின ஒரு தாய் என்னிடம் வந்தார். “ஐயா, மாசத்துக்குப் போடுற டேட்டா பத்து நாள்ல முடிஞ்சு போகுது. மகன் சத்தியம் பண்றான், நான் படம் பார்க்கலன்னு. பக்கத்துக் காம்பராப் புள்ளதான் நம்ம வைஃபையைத் திருடுது” என்றார். பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குப் பதினைந்து வயது, சாதாரண தரத்துக்குப் படிக்கிறது. இஸ்தோப்பில் உட்கார்ந்து எந்த நேரமும் போனைப் பார்க்கிறதாம். இதுதான் சாட்சி. இதை வைத்துக்கொண்டு முதல் நாளே பெரிய சண்டை நடந்து, பிள்ளையின் அப்பா மகளை அடித்தும் இருக்கிறார்.

நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

எப்படிப் பார்ப்பது? அது நமக்குப் பழக்கமான வேலைதான். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை என்ன செய்கிறார்? யார் வந்தார், யாருக்கு எந்த மலை என்று பார்த்து செக்ரோலில் பேர் போடுகிறார். ரவுட்டர் பெட்டியும் அதையேதான் செய்கிறது. ஒரு போனோ டிவியோ பாஸ்வேர்டைச் சொல்லி உள்ளே வந்தால், பெட்டி அதற்கு ஒரு உள் இலக்கம் கொடுத்துத் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறது. அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. நம்மில் அநேகம் பேர் திறந்ததே இல்லை.

திறக்கிற விதம் இது. போனை முதலில் உங்கள் வைஃபையில் போட்டுக்கொள்ளுங்கள். குரோம் மாதிரி ஒன்றைத் திறந்து, மேலே எழுதுகிற இடத்தில் 192.168.8.1 என்று அடியுங்கள். சிம் போடுகிற பெட்டிகள் பலவற்றுக்கு இதுதான் வாசல். வேறு பெட்டிகளுக்கு 192.168.1.1 அல்லது 192.168.0.1. சரியான இலக்கம் பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போகிற பாஸ்வேர்டும் அதே ஸ்டிக்கரில்தான். கவனியுங்கள், வைஃபை பாஸ்வேர்ட் வேற, இது வேற. வைஃபை பாஸ்வேர்ட் காம்பராக் கதவுச் சாவி என்றால், இது செக்ரோல் வைக்கிற அலுமாரிச் சாவி. சில பழைய பெட்டிகளில் இதற்கு ‘அட்மின்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். உலகத்துக்கே தெரிந்த சாவி அது. அப்படி இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

உள்ளே போனால் ‘கனெக்டட் டிவைசஸ்’ என்றோ ‘டிவைஸ் லிஸ்ட்’ என்றோ ஒரு இடம் இருக்கும். அங்கேதான் பேர் வரிசை. இதற்கென்று கண்ட கண்ட ஆப்பை இறக்க வேண்டாம். விளம்பரம் காட்டியே மிச்ச டேட்டாவையும் தின்றுவிடும்.

அந்த வீட்டில் நான் பார்த்தபோது ஆறு பேர் இருந்தது. தாயின் சாம்சங் போன் பேரோடு இருந்தது. மகனுடைய ரெட்மியும் அப்படியே. கொழும்பில் கடையில் வேலை செய்கிற மூத்தவன் பொங்கலுக்கு வந்திருந்தான், அவனுடைய போன் ஒன்று. பெட்டி வைத்த டிவி ஒன்று. மிச்சம் இரண்டுக்குப் பேரே இல்லை. வெறும் பன்னிரண்டு எழுத்து, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதியிருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அப்படி ஒரு இலக்கம் இருக்கிறது. மேக் முகவரி என்று சொல்வார்கள். நம்ம அடையாள அட்டை இலக்கம் மாதிரி என்றுதான் எனக்கும் ஒரு தம்பி சொல்லித் தந்திருந்தான்.

வீட்டிலே இன்னொரு போனும் இருந்தது. சின்ன மகளுடையது. அதை வாங்கி ‘அபவுட் போன்’ பக்கத்தில் அந்த இலக்கத்தைப் பார்த்தேன். லிஸ்டில் உள்ள இரண்டோடும் பொருந்தவில்லை. உடனே நான் பெரிய ஆள் மாதிரி, “அப்ப இது ரெண்டும் வெளி ஆள்தான். ஒண்ணு பக்கத்து வீட்டுப் புள்ளையாத்தான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு டீயும் குடித்துவிட்டு வந்தேன். அந்தத் தாய் மறுநாள் காலையில் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால், “ஐயாவே வந்து பார்த்துச் சொல்லிட்டார்” என்று பேசியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை என் ஒபிஸ் வாசலில் வந்து நின்றது. அழவில்லை. “ஐயா, எங்கிட்ட இருக்கிறது அம்மாட போன். அதுல வைஃபை வேலையே செய்யாது. நான் கார்ட் போட்டுத்தான் பாக்குறேன். வேணும்னா பாருங்க” என்று நீட்டியது. பார்த்தேன். வைஃபை பட்டனை அமத்தினால் மறுபடி தானாக அணைந்துபோகிறது. ரீலோட் போட்ட மெசேஜ் வரிசையாக இருந்தது, ஐம்பது ரூபா, நூறு ரூபா என்று. எனக்கு வாயில் பேச்சு வரவில்லை.

அன்றைக்கே அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். இந்த முறை ஊகம் இல்லை. லிஸ்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள ஒவ்வொன்றின் வைஃபையையும் ஒவ்வொன்றாக அணைத்தோம். ஒன்றை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, பக்கத்தைப் புதுப்பித்து, எந்த வரி மறைகிறது என்று பார்த்தோம். சின்ன மகளின் போனை அணைத்ததும் பேரில்லாத வரி ஒன்று மறைந்தது. திரும்பப் போட்டதும் வந்தது. திருடன் என்று நான் சொன்னது சொந்த வீட்டுப் பிள்ளையின் போன்.

ஏன் இலக்கம் பொருந்தவில்லை என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு ஒரு போனுக்கு ஒரே இலக்கம்தான். கடைகளும் விளம்பரக் கம்பனிகளும் அந்த இலக்கத்தை வைத்து ஆட்கள் எங்கே எங்கே போகிறார்கள் என்று பின்தொடரத் தொடங்கின. அதைத் தடுக்க, 2019 இல் வந்த ஆண்ட்ராய்ட் 10 இல் இருந்தும், 2020 இல் வந்த ஐஓஎஸ் 14 இல் இருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் இலக்கத்தைத் தாங்களே உண்டாக்கிக் கொடுக்கின்றன. நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஆனால் லிஸ்ட் பார்க்கிற நம்மை அது ஏமாற்றிவிடும். அந்தப் பன்னிரண்டில் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2 அல்லது 6 ஆகவோ, ஆங்கில ‘ஏ’ அல்லது ‘ஈ’ ஆகவோ இருந்தால் அநேகமாகப் போன் தானே உண்டாக்கின இலக்கம். போனில் அந்த வைஃபையின் பேரை அமத்தி உள்ளே போனால், அதற்குக் கொடுத்த இலக்கத்தை அங்கேயே காட்டும். ‘அபவுட் போன்’ பக்கத்தை மட்டும் நம்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பெட்டிகளின் லிஸ்டில், போய்விட்டவர்களின் பேரும் ஒரு நாள் வரைக்கும் நிற்கும். முந்தின நாள் வந்து போன விருந்தாளியின் போன் இன்னும் உள்ளே இருக்கிற மாதிரித் தெரியும். இப்போது இருப்பது எது, பழையது எது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

சரி, மற்றப் பேரில்லாத வரி? வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அது போகவில்லை. அது உண்மையிலேயே வெளி ஆள். மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மேல் லயத்துக் கூட்டாளி ஒருவனுக்கு கியூஆர் கோட் காட்டியிருக்கிறான். இப்போதைய போன்களில் வைஃபையை ‘ஷேர்’ பண்ணினால் ஒரு கட்டம் வரும். அதை மற்றவன் போனால் பிடித்தால் போதும், பாஸ்வேர்ட் சொல்லாமலே உள்ளே போகலாம். பல போன்களில் கட்டத்துக்குக் கீழே பாஸ்வேர்டும் எழுத்தாகவே தெரியும். ஒருவனுக்குக் காட்டினால் அவன் பத்துப் பேருக்குக் காட்டலாம்.

ஆனால் டேட்டாவைத் தின்றது அவனும் இல்லை. அந்த மேல் லயத்துப் பையன் ராத்திரி கொஞ்ச நேரம் கேம் விளையாடுவான், அவ்வளவுதான். தின்றது டிவி! வீட்டில் பாட்டி இருக்கிறார். சாப்பிட்டபின் யூடியூபில் நாடகம் போடச் சொல்வார். பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார். ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடும். யூடியூபின் ‘ஹிஸ்டரி’யைத் திறந்து பார்த்தோம், விடிய விடிய நாடகம் ஓடியிருக்கிறது. தெளிவான எச்டி படம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை ஜிபி, சில நேரம் மூன்று ஜிபி வரைக்கும் போகும். ஒரு ராத்திரிக்கு என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பாட்டி, “எனக்கென்னய்யா தெரியும், அதுபாட்டுக்கு ஓடுது” என்றார். ‘ஆட்டோபிளே’யை அணைத்து, படத்தின் தரத்தையும் குறைத்துவிட்டோம். அடுத்த மாதம் டேட்டா கிட்டத்தட்ட மாதம் முடியும் வரைக்கும் வந்தது.

பாஸ்வேர்டையும் மாற்றினோம். அதே பக்கத்தில் ‘வைஃபை செட்டிங்ஸ்’ என்று இருக்கும். மாற்றினால் எல்லோரும் ஒரே தடவையில் வெளியே விழுந்துவிடுவார்கள். பிறகு நமக்கு வேண்டியவர்களை மட்டும் சேர்க்கலாம். குறைந்தது எட்டு எழுத்து வேண்டும், பன்னிரண்டு பதினைந்து என்றால் நல்லது. மகளின் பேர், போன் நம்பர், அடையாள அட்டை நம்பர் வேண்டாம். பாதுகாப்பு வகை என்று கேட்டால் டபிள்யூபிஏ 2 அல்லது 3 இல் வையுங்கள். ‘டபிள்யூபிஎஸ்’ என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். அதில் எட்டு இலக்கத்தை ஊகித்து உள்ளே வரலாம் என்று 2011 இலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள்.

டேட்டா போனால் காசோடு போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த சிம் உங்கள் அடையாள அட்டையில் எடுத்தது. நம்ம வைஃபையில் இருந்து எவனோ ஒரு பெண் பிள்ளையின் படத்தைக் கண்ட இடத்தில் போட்டாலோ, ஒருத்தரை மிரட்டினாலோ, பொலிஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் இஸ்தோப்பில்தான். நமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் நுழைவது அதில் குற்றம். ஆனால் நுழைந்தவன் யார் என்று காட்டுகிற பாடு நமக்குத்தான்.

அதற்காக எல்லோருக்கும் கதவைச் சாத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. லயத்தில் சீனி, உப்பு, தீப்பெட்டி எல்லாம் கேட்டுத்தான் வாங்குகிறோம். இதையும் அப்படிக் கேட்கட்டும், கொடுப்பவருக்குத் தெரிந்து கொடுக்கட்டும். பல பெட்டிகளில் ‘கெஸ்ட்’ என்று விருந்தாளிக்குத் தனி வைஃபை போடலாம். அதற்கு வேறு பாஸ்வேர்ட். வேண்டாத போது அதை மட்டும் அணைத்துவிடலாம்.

பக்கத்துக் காம்பராவுக்கு நான் போனேன். அப்பாவிடமும் அந்தப் பிள்ளையிடமும், நான் சொன்னது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பெரட்டில் கேட்டவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று மறுநாள் காலையில் பெரட்டுக் களத்திலும் போய்ச் சொன்னேன். அந்தத் தாயும் கூட வந்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பீலியடியில் பேச்சு வர இன்னும் ஒரு மாதம் ஆனது. அந்தத் தாய் கெஸ்ட் வைஃபை போட்டு, பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தார். பிள்ளை வாங்கவில்லை. “இருக்கட்டும் அத்தை, நான் கார்ட்டே போட்டுக்கிறேன்” என்றதாம்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். லிஸ்ட் பார்க்கத் தெரியாதவர்கள் பெட்டியையும் அதன் வயரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வீட்டில் எத்தனை போன், எத்தனை டிவி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் வேலை சுலபம். ஸ்டிக்கரைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். அதில் இருப்பது உங்கள் வீட்டுச் சாவி.