இரவின் வெம்மையும் தண்ணிய படுக்கையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. இசையும் நாட்டியமும் நிகழ்தல் மரபு. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ படுக்கை. அவையில் சிலர் முறுவலிப்பது நமக்குத் தெரிகின்றது. ‘இவர் பேச்சு நீண்டால் உறக்கம் தானே வந்துவிடும், அதற்குக் கருவி வேறு வேண்டுமோ?’ என்று எண்ணுகின்றீர்கள் போலும்! ஆயினும் ஓர் இல்லத்தின் அமைதிக்கு உறக்கமே அடிப்படை. அது கெட்டால் மறுநாள் காலையில் காப்பியும் கசக்கும், பேச்சும் கசக்கும். ஆதலின் சற்றே செவிசாய்க்க வேண்டுகின்றோம்.

நம் குடியிருப்பில் ஓர் இல்லம். பெயர் வேண்டா. ஏ.சி.யை ஓட்டினால் அவ்வீட்டுத் தலைவர் போர்வைக்குள் நடுங்குவார். நிறுத்தினால் அவர் மனைவியார் வியர்வையில் நனைவார். நாளும் இதே வழக்கு. முடிவில் அம்மையார் வழக்கைத் தாமே முடித்துவிட்டார். எல்லாரும் உறங்கிய பின் ஒரு கோரைப்பாயை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரைக்குச் சென்று படுப்பார்; விடியுமுன் எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிடுவார். இரண்டு கோடைகள் இவ்வாறே கழிந்தன. ஒருவரும் அறியவில்லை. ஓர் இரவு தண்ணீர் குடிக்க வந்த மகன் இருளில் தாயின் காலில் இடறினான். “என்னம்மா, இங்கேயா படுத்திருக்கிறாய்?” என்றான். “தரை குளிர்ச்சியாக இருக்கிறது, கண்ணா. நீ போய்ப் படு” என்றார் அம்மையார்.

மகன் கணினித் துறையில் நல்ல ஊதியம் பெறுபவன். மறுநாளே, படுக்கையையே குளிர்விக்கும் கருவிகள் இக்காலத்தில் வந்திருக்கின்றன, அவற்றுள் எதை வாங்கலாம் என்று நம்மிடம் வந்து கேட்டான். அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

முதலில் நம் உடலைப் பற்றிச் சில சொற்கள். உடல் ஓர் அடுப்பு. உறங்கும்போதும் அது அவிவதில்லை. வளர்ந்த ஒருவர் உறங்கும்போது ஏறக்குறைய 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளிவிடுகின்றார். பழைய குண்டு பல்பு ஒன்று படுக்கையில் இரவெல்லாம் எரிவதற்கு அஃது ஒப்பாகும். உறக்கம் வரவேண்டுமாயின் உடலின் உள்வெப்பம் சற்றே தணிதல் வேண்டும். அதற்காகக் கை கால்களிலுள்ள குருதிக் குழாய்கள் விரிந்து, வெப்பத்தைத் தோலின் வழியே வெளியேற்றுகின்றன. பாதங்கள் வெதுவெதுப்பாக இருப்போர் விரைவில் உறங்குவர் என்று 1999-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். இதனால் விளங்குவது யாது? நாம் வேண்டுவது பனிக்கட்டியின் குளிரன்று. வெப்பம் வெளியேறுதற்கு ஒரு வழியே. படுக்கை மிகக் குளிர்ந்தால் அக்குழாய்கள் சுருங்கி வழியை அடைத்துவிடும்.

இனி நாம் வாழும் ஊரை நோக்குவோம். இந்திய வானிலைத் துறையின் அலுவலகம் சிம்லாவிலிருந்து 1928-ஆம் ஆண்டில் புனேக்கு வந்தது. சிவாஜி நகரில் அவ்விடத்தை இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே வழங்குகின்றோம். சிம்லாவின் பெயரைத் தாங்கிய அந்தச் சிவாஜி நகரில்தான் 2019 ஏப்ரல் 28 அன்று 43 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. ஆயினும் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. தக்காணப் பீடபூமியில் பகல் எவ்வளவு கொதித்தாலும் இரவு பெரும்பாலும் தணிந்துவிடுகின்றது. ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை வெப்பம் சராசரியாக 20 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று டிகிரியே இருக்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் உள்ள கடற்காற்றின் பிசுபிசுப்பும் இங்குக் கோடையில் இல்லை. வெளியே காற்று தணிந்திருக்க, வீட்டினுள் நாம் வேகின்றோம் என்றால், வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்று ஆராய வேண்டாவா? நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்தை நாடவேண்டும் என்பது வள்ளுவர் நமக்குக் கற்பித்த நெறியன்றோ?

இரவின் வெம்மைக்குக் காரணங்கள் மூன்று: வீடு, படுக்கை, உடல்.

வீட்டை முதலிற் பார்ப்போம். மேல்மாடியில் வாழ்வோர் தலைக்கு மேல் இருப்பது கான்கிரீட் தளம். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் நெடுநேரம் உள்ளே உமிழும். இரவு பத்து மணிக்கு உயரமான முக்காலி ஒன்றின் மீது நின்று கூரையைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் குற்றவாளி அகப்பட்டான். மாடித் தளத்திற்கு வெண்பூச்சு பூசுதல், கதிரவன் சாய்ந்த பின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறத்தல் ஆகிய இரண்டுமே இதற்கு மருந்து. கொசுவிற்கு அஞ்சிச் சன்னலை அடைத்து வைக்கின்றோம்; டெங்குக் காய்ச்சல் உள்ள ஊரில் அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் கம்பிவலை பொருத்தினால் கொசு வெளியே நிற்கும். காற்று உள்ளே வரும். இவற்றைச் செய்யாமல் விலையுயர்ந்த கருவி வாங்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

இரண்டாவது, படுக்கை. நம் முன்னோர் கோரைப்பாயில் படுத்தனர். கயிற்றுக் கட்டிலில் படுத்தனர். செல்வர் இலவம்பஞ்சு மெத்தை கொண்டனர். பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தோர்க்கு அதன் தண்மை தெரியும். இன்று நாம் விரும்பி வாங்குவது ‘மெமரி ஃபோம்’ மெத்தை. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில், விமான இருக்கைகளுக்காக அது உருவாக்கப்பட்டது. உடற்சூட்டால் இளகி உடலைச் சூழ்ந்து பொதிந்துகொள்ளுதல் அதன் இயல்பு. வலிக்கு அஃது இதமாகலாம். ஆனால் முதுகின் வெப்பம் வெளியேற வழியின்றிப் போகின்றது. அதன்மேல் நீர் புகாத உறையும் செயற்கை இழை விரிப்பும் போட்டால் வேறு கேட்பானேன்? மெல்லிய பருத்தி விரிப்புக்கு மாறுங்கள். மெத்தையின் மேல் ஒரு பாயை விரித்து ஒரு கிழமை படுத்துப் பாருங்கள். பல வீடுகளில் வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, உடல். இதைச் சொல்லத் தயங்குகின்றோம். ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்டிர் பலர்க்குத் திடீரென உடல் கொதித்து வியர்க்கும். அது நாடகமன்று, பிடிவாதமன்று, உடலியல் மாற்றம். தைராய்டுச் சுரப்பி மிகுதியாகச் சுரந்தாலும், சில மருந்துகளாலும், காசநோயாலும், இன்சுலின் கொள்வோர்க்குச் சர்க்கரை தாழ்வதாலும் இரவில் வியர்வை பெருகலாம். ஆதலின் புதிதாக இரவு வியர்வை தோன்றினால் கடைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இம்மூன்றையும் செய்த பின்னும் ஒருவருக்கு மட்டும் வெம்மை தீரவில்லையாயின், அப்போது கருவியைப் பற்றிப் பேசலாம்.

குளிரை விலைக்கு வாங்குதல் நமக்குப் புதிதன்று. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்குக் கப்பலில் வந்தது. அதனைச் சேமிக்கவே சென்னைக் கடற்கரையில் 1842-இல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது; பின்னாளில் விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயரைப் பெற்ற இல்லம் அதுவே. ஏ.சி. வாங்கும்போது ‘ஒன்றரை டன்’ என்கின்றோமே, அந்த டன்னும் பனிக்கட்டியின் டன்னே. ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்க்கும் வெப்பம் எவ்வளவோ, அவ்வளவே ஒரு டன். ஏறக்குறைய 3,500 வாட். அவ்வாறாயின் ஒன்றரை டன் கருவி, உறங்கும் எழுபது பேரின் வெப்பத்தை அகற்ற வல்லது! ஓரறையில் படுப்பவரோ இருவர். எஞ்சிய ஆற்றல் சுவரையும் கூரையையும் காற்றையும் குளிர்விக்கச் செல்கின்றது. வெப்பமுற்ற ஒருவரை மட்டும் குளிர்வித்தால் போதாதா என்ற எண்ணத்தில் பிறந்தவையே படுக்கைக் குளிர்விகள்.

அவை இருவகைப்படும். ஒன்று காற்றுவகை. படுக்கையருகே உள்ள விசிறி, அறைக்காற்றைக் குழாய் வழியே விரிப்பின் அடியிற் செலுத்தும். அக்காற்று அறையைவிடக் குளிர்ந்ததன்று. வியர்வையை உலர்த்துவதால் தண்மை தருகின்றது. புனேயின் வறண்ட கோடைக்கு இது பொருந்தும். மழைக்காலத்து ஈரக்காற்றில் இதன் ஆற்றல் குறையும்.

மற்றொன்று நீர்வகை. மெல்லிய குழாய்கள் ஓடும் விரிப்பு ஒன்று மெத்தைமேல் கிடக்கும்; கட்டிலருகே உள்ள பெட்டி நீரைக் குளிர்வித்து அக்குழாய்களில் சுழற்றும். 1969-இல் நிலவில் நடந்தோர் விண்வெளி உடைக்குள் அணிந்ததும் இத்தகைய நீர்க்குழாய் உள்ளாடையே. இப்பெட்டிகள் பலவற்றில் நீரைக் குளிர்விப்பது பெல்டியர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1834-இல் கண்ட விளைவு. இருவேறு உலோகங்களின் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அந்தச் சூடு எங்கே போகும்? அறைக்குள்ளேதான். வெப்பம் அழிவதில்லை, இடம் மாறுகின்றது. ஆதலின் எல்லாக் கதவும் அடைத்த அறையில் இக்கருவியை ஓட்டினால், படுத்தவருக்குத் தண்மை, பக்கத்தில் இருப்பவருக்கு வெம்மை! சன்னல் திறந்திருத்தல் இன்றியமையாதது.

வாங்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள் சில.

முதலாவது, இருபக்கமும் தனித்தனியே இயங்குமா? கணவருக்கு ஒரு வெப்பம், மனைவிக்கு ஒரு வெப்பம் என்று அமைத்தல் கூடுமாயின் வழக்கே இல்லை. ஒருவர் பக்கத்திற்கு மட்டும் கிடைக்குமாயின் செலவு மேலும் குறையும்.

இரண்டாவது, மின்சாரம் எவ்வளவு? பெட்டியில் எழுதியுள்ள வாட்டை மணிக்கணக்கால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். 200 வாட் கருவி எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். 75 வாட் மின்விசிறிக்கு 0.6 யூனிட், புதுவகை 30 வாட் விசிறிக்கு 0.24 யூனிட். விசிறியே போதுமாயின் விசிறியே சிறந்தது.

மூன்றாவது, இணையமின்றி இயங்குமா? 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் நிறுவனத்தின் கணினிச் சேவை பழுதுற்றபோது, அதனை நம்பிய அமெரிக்கக் குளிர்படுக்கைகள் சில, படுத்தோர் சொற்கேளாமல் நின்றன. படுக்கையில் ஒரு பொத்தானாவது இருத்தல் நன்று. மாதச் சந்தா உண்டா என்பதையும் கேளுங்கள். உறங்குவதற்கு வாடகை கொடுக்க யார்தாம் விரும்புவர்?

நான்காவது, இரைச்சல் எவ்வளவு? பழுதானால் இவ்வூரில் பார்ப்பவர் உண்டா? பல்லாயிரம் தொடங்கி இலட்சத்தையும் கடக்கும் விலை கொடுத்து வரவழைத்த கருவி, ஒரு சிறு பம்பு இன்மையால் பரணுக்கு ஏறுதல் தகாது.

ஐந்தாவது, யாருக்கு வாங்குகின்றோம்? சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குன்றியவர்க்கும் கைக்குழந்தைக்கும் இது வேண்டா. மற்றவரும் முதல் இரவு 28 டிகிரியில் தொடங்கி, நாளுக்கு ஒரு டிகிரியாகக் குறைத்து, இதமான அளவில் நிறுத்திக்கொள்க. மழைக்காலத்தில் மிகவும் தாழ்த்தினால், குளிர்ந்த செம்பின் மேல் நீர் முத்துவது போல விரிப்பும் நனையும்.

இனி நம் கதையின் முடிவு. அவ்வீட்டார் மாடித் தளத்திற்கு வெண்பூச்சு பூசினர், சன்னலுக்கு வலையிட்டனர், மெத்தையை மாற்றினர். அம்மையாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். பருவ மாற்றமே காரணம் என்று அவர் தெளிவித்தார். பாதி வெம்மை தணிந்தது. எஞ்சியதற்கு அம்மையார் பக்கத்திற்கு மட்டும் ஒரு நீர்விரிப்பு வாங்கினர். அதிலும் ஓர் இடர் நேர்ந்தது. லாரித் தண்ணீரைப் பெட்டியில் ஊற்றியதால் ஆறு வாரத்தில் உப்பு படிந்து நீரோட்டம் நின்றது. குழாய்களைக் கழுவி, பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீரை நிரப்பிய பின் சீராயிற்று. உங்கள் வீட்டில் அப்பிழை நேராதிருக்கவே இதனைக் கூறினோம்.

அன்பர்களே! அம்மையாரிடம் நாம், “கருவி எப்படி இருக்கிறது, அம்மா?” என்று வினவினோம். “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் ‘இராத்திரி தூங்கினாயா?’ என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள்” என்றார். அவர் மகிழ்ந்தது எதனால் என்பதை நாம் விளக்கவேண்டுவதில்லை.

கட்கியிலும் ராஸ்தாப் பேட்டையிலும் முன்னாளில் வந்து குடியேறிய நம் பெரியோர், ஒரே அறையில் எண்மர் படுத்தும் யார் உறங்கவில்லை என்பதை அறிந்திருந்தனர். இன்று ஆளுக்கோர் அறை பெற்றுள்ளோம். அந்த அறிவை இழந்துவிடலாகாது. இன்று இல்லம் திரும்பியதும் உங்கள் வீட்டில் யார் தரையில் படுக்கின்றார், யார் நள்ளிரவில் எழுந்து உலாவுகின்றார் என்று கேளுங்கள். கேட்டறிந்த பின், பாய் போதுமா, விசிறி போதுமா, கருவி வேண்டுமா என்பது தானே விளங்கும்.

அனைவர்க்கும் நல்லுறக்கம் வாய்க்க!