சீட்டு வாங்கும்போது கேட்க வேண்டியது



சுகர் ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். இறங்குவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஏறினது மெல்லக் கெடுக்கும். ரொம்ப இறங்கினால் ஒரே ராத்திரியில் ஆளைச் சாய்த்துவிடும்.

என் மாமியாருக்குப் போன ஐப்பசியில் அப்படி ஆச்சு. விடியற்காலம் வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, என்னைப் பார்த்து "யாரு நீ?"ங்கிறாங்க. 108-ல் கொண்டுபோனோம். சுகர் 34. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாத்தினாங்க, அதுக்கு என்றும் நன்றி. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்றதோடு சரி. அவர் விடிந்தால் வேலைக்குப் போகிறவர். சமைப்பதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீட்டு முழுக்க இங்கிலீஷ். அன்று சாயங்காலம் எங்க தெரு நர்ஸ் அக்கா படித்துப் பார்த்துத்தான், கிளிமிபிரைடு மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கு என்றார். பழைய அட்டை டப்பாவிலேயே இருந்தது. ராத்திரி வேளைக்கு முன்னாடி அவர் வந்தாரோ, பிழைச்சோம்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் உடம்பில் நெடுநேரம் வேலை செய்யும். கிட்னி பலவீனமானவர்களுக்கு இன்னும் நேரமாகும். அதனால்தான் காலையில் தெளிந்தவர் ராத்திரி மறுபடி மயங்குவது. இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியின் மூடியைப் பாருங்கள். சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

70-க்குக் கீழே இறங்கி, நினைவு இருந்தால், மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கணும். 15 நிமிஷம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடியும். அப்புறம் இட்லியோ சோறோ கொடுக்கணும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க, புரை ஏறிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்க.

இன்னொன்று, சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். நம்ம காரைக்காலில் சரக்குக்குப் பஞ்சமில்லை. வெறும் வயிற்றில் குடித்தாலும் சுகர் இறங்கும். போதைதானே என்று திண்ணையிலேயே விட்டுவிடாதீங்க. சனிக்கிழமை விரதமோ ரம்ஜான் நோன்போ, இருப்பதற்கு முன்னாடியே டாக்டரிடம் மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கணும்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும்போது, மாத்திரை கொடுக்கிறவள் நான், என்னிடம் சொல்லுங்க என்று முன்னால் போய் நில்லுங்க. எதை நிறுத்தணும், எதைக் குறைக்கணும், எதனால் இறங்கியது, மறுபடி எப்போது வரணும் என்று கேளுங்க. கேட்டதை அவர்களிடமே திரும்பச் சொல்லிக் காட்டுங்க. நம்ம குழுவில் 500 ரூபாய் உள்கடனுக்கே வட்டி, தவணை புரிந்ததா என்று திரும்பச் சொல்ல வைத்துத்தானே கையெழுத்து வாங்குகிறோம்? உயிருக்கு அது கூடக் கிடையாதா?

நம் பகுதி ஆஸ்பத்திரிகள் எல்லாம் இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் கையில் கொடுக்கணும் என்று கூட்டமைப்பு மனு கொடுக்க வேண்டும். பிற்பகல் தீர்மானப் புத்தகம் வரும்போது இதையும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.