பாடப் போனவரை எழுப்பி விடுவது யார்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



பொங்கல் விளையாட்டு விழாவில் நம் கபடி அணி தோற்றது. "பாடிப் போக நல்ல ஆள் இல்லை, அதான் தோத்தோம்" என்று எல்லாரும் சொல்கிறோம். ஓரமாக உட்கார்ந்து நாங்கள் எழுதி வைத்த கணக்கு வேற மாதிரி சொல்லுது. நன்றாகப் பாடுகிற நம்ம தங்கச்சி அவுட்டாகி, பாதி ஆட்டத்துக்கு மேல் வெளியேதான் உட்கார்ந்திருந்தார்.

கபடியில் அவுட்டானவர் தானாக உள்ளே வர முடியாது. எதிரணி ஆளைத் தொட்டோ பிடித்தோ நாம் அவுட் ஆக்கினால், ஒரு ஆளுக்கு ஒருவர் எழுந்து வரலாம். போனஸ் புள்ளிக்கு அது கிடையாது. ஆக, பிடிக்கிறவர்கள் பிடித்தால்தான் பாடுகிறவர் மறுபடியும் பாடப் போவார். கைதட்டல் என்னவோ அவருக்குத்தான்.

சரி, பிடிப்பது எப்படி? ஓரத்தில் நிற்கும் கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறார். அவரோடு கைகோத்து நிற்பவர் அந்த நொடியிலேயே இடுப்பைச் சுற்ற வேண்டும். கவரில் நிற்பவர் நடுக்கோட்டுக்குப் போகும் வழியை மறிக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் பிடித்தால், வந்தவர் அவரையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டுவிடுவார். தொட்டுவிட்டால், அவர் மேல் கை வைத்த அத்தனை பேரும் அவுட்!

அன்றைக்கு அதுதான் நடந்தது. கார்னர் உயிரைக் கொடுத்துப் பிடித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சும்மா ஒரு கை வைத்தாங்க. ஒரே பாட்டில் மூன்று பேர் காலி. அரைமனசா கை வைக்கிறதுக்கு வைக்காமலே இருந்திருக்கலாம். (நாங்களும் வெளியே நின்னு "புடி, புடி"ன்னு கத்தினோம். அது எங்க தப்பு. குரல் கொடுக்க வேண்டியவர் உள்ளே நிற்கிற ஒருத்தர்தான்.)

பெரிய ஆட்டத்திலும் ஒரு பிடி முடிவை மாற்றிவிடும். 2018 ஆசிய விளையாட்டில் நம் நாட்டுப் பெண்கள் ஈரானிடம் 24–27 என்று தங்கத்தை விட்டார்கள். 2023-ல் ஹாங்சோவில் சீன தைபேயை 26–25 என்று வென்று தங்கத்தை மீட்டார்கள். ஒரே ஒரு புள்ளி!

நமக்குப் பக்கத்திலேயே வடுவூர் இருக்கு. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் அந்த ஊர் அபினேஷும் ஆடினார். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா.

சம்பா அறுப்பு முடிந்ததும் பயிற்சி வைப்போம். முதல் இரண்டு வாரம் யாரும் பாடப் போக வேண்டாம். கைகோத்துக்கொண்டு, கை விடாமல், முன்னும் பின்னும் நகர மட்டும் பழகுவோம். புடவைக்கு மேல் சட்டை போட்டு வருகிறவர்கள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு வாங்க.